அடித்த மணி

கேள்வி: சரிசெய்யவே முடியாத சேதத்தை ஆங்கிலத்தில் 'பர்மனென்ட் டேமேஜ்' என்றால் போதாதா? 'இர்ரிவர்சிபிள்', 'இர்ரெபரபிள்' எல்லாம் எதற்கு?

பதில்: போதாது. 'பர்மனென்ட்' என்றால் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். 'இர்ரிவர்சிபிள்' என்றால் பழைய நிலைக்குத் திரும்ப வழியே இல்லை. டாக்டர்கள் அதிகம் எழுதும் சொல். கண் அழுத்த நோயால் அம்மாவுக்கு ஓரப் பார்வை மங்கியபோது ரிப்போர்ட்டில் இதுதான் இருந்தது. அதைத் தமிழில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. "போனது போனதுதாம்மா, இருப்பதைக் காப்பாத்திக்கலாம்" என்றேன்.

'இர்ரெபரபிள்' என்றால் சீர்செய்யவே முடியாதது. நற்பெயர், உறவு போன்றவற்றுக்கும் வரும். 'ரிப்பேர்' என்பதை நினைத்துக்கொண்டு 'இர்ரிப்பேரபிள்' என்று சொல்லிவிடாதீர்கள். அழுத்தம் 'ரெ'யில் விழ வேண்டும். அமெரிக்க நீதிமன்றங்களில் 'இர்ரெபரபிள் ஹார்ம்' என்றால், பிறகு பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத பாதிப்பு. இடைக்காலத் தடை கேட்பவர் அதைக் காட்டியாக வேண்டும்.

அங்கே வக்கீல்கள் சொல்லும் இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: அடித்த மணியை அடிக்காததாக்க முடியாது. கேட்கக்கூடாத சாட்சியத்தை ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, கேட்டுவிட்டால், நீதிபதி 'கணக்கில் எடுக்காதீர்கள்' என்றாலும் காதில் விழுந்தது விழுந்ததுதானே!

அப்புறம், விபத்தில் நொறுங்கிய காரை பிரிட்டனில் 'ரைட் ஆஃப்', அமெரிக்காவில் 'டோட்டல்ட்' என்பார்கள். பெரும்பாலும் அதற்கு, ரிப்பேர் செலவு கட்டுப்படியாகாது என்றுதான் பொருள்.