இனிப்பு நீரும் டிங்கியும்: சுங்கை சிப்புட்டில் கேட்டார்கள், சொன்னேன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் பிறந்தவள் நான். இப்போது நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய ஆராய்ச்சியில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினோம். இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நீரிழிவு பற்றியும், டிங்கி என்று சொல்லும் டெங்குக் காய்ச்சல் பற்றியும் அங்கே வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு நேரம் போதவில்லை. அவற்றுக்கு இங்கே கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்: இனிப்பு நீருக்கும் டிங்கிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் நீங்கள் ஒருவரே ஆராய்வது எப்படி?

இரண்டிலும் நான் பார்ப்பது ஒரே அணுவைத்தான், டீச்சர். ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் தனக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை எச்எல்ஏ என்ற தட்டில் ஏந்தி வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். டி செல் ஒவ்வொரு தட்டாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போகும். வைரஸ் துணுக்கு தெரிந்தால் அந்தச் செல்லைக் கொன்றுவிடும். டிங்கியில் இந்தக் கொலை நமக்கு வேண்டும். முதல் வகை இனிப்பு நீரிலோ கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே அது அந்நியம் என்று எண்ணிக் கொல்கிறது.

1991-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரு சோதனை செய்தன. எலியின் பீட்டா செல்லுக்குள் ஒரு வைரஸின் புரதத்தைப் பிறவியிலேயே வைத்துவிட்டார்கள். எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. டி செல்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அதே வைரஸை உடம்புக்குள் விட்டார்கள். டி செல்கள் விழித்துக்கொண்டு வைரஸை ஒழித்தன, அப்படியே கணையத்துக்கும் போய் பீட்டா செல்களையும் ஒழித்தன. எலிக்கு இனிப்பு நீர் வந்துவிட்டது. சும்மா இருந்த டி செல்லை எது எழுப்புகிறது, எழுந்தது எப்போது அடங்குகிறது? என் வேலை முழுக்க இந்தக் கேள்விதான்.

பதினோரு வயது மகளுக்கு இன்சுலின் போடும் ஒரு தாயார்: தினமும் மைலோ கொடுத்தேன். அதனால்தான் வந்ததோ?

இல்லை, அக்கா. இந்த வரியை நாலு தடவை படியுங்கள். முதல் வகை இனிப்பு நீர் சீனி சாப்பிட்டதால் வருவதில்லை. நம் நாட்டில் 2019 சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. ஊரில் எல்லோரும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் உங்களைக் குற்றம் சொல்கிறார்கள். உங்கள் மகளுக்கு வந்தது வேறு நோய், பெயர் மட்டும் ஒன்று.

என் சித்தி மகனுக்கு ஒன்பது வயதில் இது வந்தது. நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தான், கன்னம் ஒட்டிப்போனது. அவன் சிறுநீர் கழித்த இடத்தில் கட்டெறும்பு மொய்த்ததைப் பாட்டிதான் முதலில் பார்த்தார். வயிற்றுப் பூச்சி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். நான்காம் நாள் மூச்சு வாங்கியது, வாயில் பழுத்த பழ வாடை. மயங்கிய பிறகே மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். பிழைத்துக்கொண்டான். வீட்டில் ஐஸ்பெட்டி கிடையாது. ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள் சித்தி இன்சுலின் குப்பியை வைத்திருந்தார். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம், பழ வாடை. இவற்றைக் கண்டால் அன்றைக்கே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே தாயார்: அவளுக்கு டிங்கி வந்தால்?

சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நிறுத்தவே கூடாது. காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் தேவை கூடவும் செய்யலாம். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் சீனி அளவைப் பாருங்கள். கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலப் பொருள்) பார்க்கும் பட்டை இருந்தால் அதையும் பாருங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோபென் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். வாந்தி தொடங்கினால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலின் போடும் பிள்ளை என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவர்: எனக்கு டிங்கி இரண்டு முறை வந்துவிட்டது. ஒரு முறை வந்தால் திரும்ப வராது என்றார்களே?

ஐயா, டிங்கி வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு மட்டும் நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும். இரண்டாவது முறைதான் பெரிய அபாயம், அதைத் தாண்டிவிட்டீர்கள். மூன்றாவது, நான்காவது முறை பொதுவாக அவ்வளவு கடுமையாவதில்லை. இருந்தாலும் உங்கள் வயதில் எந்தக் காய்ச்சலையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

இரண்டாவது முறை ஏன் அபாயம் என்பதை 1960-களில் பாங்காக்கில் பிள்ளைகளைப் பார்த்தே ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர் யோசித்தார். முதலில் வந்த வகைக்காக உடம்பு செய்துவைத்த எதிர்ப்புப் புரதம் அடுத்து வரும் வேறு வகை வைரஸோடு ஒட்டிக்கொள்கிறது, ஆனால் அதை அடக்க முடிவதில்லை. ஒட்டிய புரதத்தைக் கண்டதும் விழுங்கும் வெள்ளணுக்கள் நம்பிக் கதவைத் திறக்கின்றன. வைரஸ் சுகமாக உள்ளே போய்ப் பெருகுகிறது. அதற்கு முன் டிங்கியே வராத கைக்குழந்தைகளுக்கும் கடுமையாக வந்தது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் அவர்கள் உடம்பில் இருந்ததால்.

முதல் டிங்கியில் பழகிய பழைய டி செல்களும் இதே போலக் கெடுதல் செய்யும் என்று வெகுகாலம் நினைத்தார்கள். இலங்கையில் ரத்த தானம் செய்தவர்களின் ரத்தத்தை வைத்து 2013-இல் வெளிவந்த ஆய்வு அதை மாற்றிப் பார்க்க வைத்தது. கடுமையான டிங்கியிலிருந்து காக்கும் எச்எல்ஏ வகை உள்ளவர்களிடம் டி செல்கள் வலுவாகவும் பல வேலை தெரிந்தவையாகவும் இருந்தன. நான் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இந்த வகை வேலைதான். 96 சிறு குழிகள் உள்ள தட்டில் வெள்ளணுக்களைப் போட்டு, டிங்கித் துணுக்குகளைக் கலந்து இரவு முழுக்க வைப்போம். மறுநாள் சாயம் ஏற்றினால், விழித்த டி செல் ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி. சில குழிகளில் மூன்றோ நான்கோ, சிலவற்றில் எண்ண முடியாத அளவு. எத்தனை வருடம் பார்த்தாலும் அந்தத் தட்டைக் கையில் எடுக்கும்போது மனம் படபடக்கும்.

ஓர் இளைஞர்: அப்படியானால் தடுப்பூசியே ஆபத்தா?

நல்ல சந்தேகம், தம்பி. பிலிப்பைன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்ஸியா என்ற டிங்கித் தடுப்பூசி போட்டார்கள். டிங்கி வந்தே இராதவர்களுக்கு அது முதல் தொற்றைப் போல வேலை செய்து, அடுத்து வரும் உண்மையான டிங்கியைக் கடுமையாக்கலாம் என்று 2017-இல் தெரிந்ததும் நிறுத்தினார்கள். பிறகு வந்த கியூடெங்கா என்ற தடுப்பூசிக்கு 2024-இல் நம் நாட்டில் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் உடம்பைத் தெரிந்த மருத்துவரிடம் கேளுங்கள். நான் ஆராய்ச்சி செய்பவள், வைத்தியம் பார்ப்பவள் அல்ல.

கடைக்கார அம்மா ஒருவர்: பப்பாளி இலைச் சாறு?

கிள்ளானில் நம் ஆட்களே சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சீக்கிரம் ஏறியது உண்மை. ஆனால் டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாவதுதான். சாறு குடித்தாயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் வேண்டும். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது, இதில் ஒன்று இருந்தாலும் கிளம்புங்கள்.

ஒரு தகப்பன்: டிங்கி வந்தால் பிள்ளைக்கு முதல் வகை இனிப்பு நீர் வந்துவிடுமா?

அப்படி நிரூபணம் இல்லை. அதிகச் சந்தேகம் குடலில் வாழும் என்டரோ வைரஸ்கள் மேல்தான். அதுவும் எச்எல்ஏ இந்த நோய்க்கு இடம் கொடுக்கும்படி அமைந்த பிள்ளைகளுக்குத்தான்.

சிறு தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவர்: பால் பிடிக்க மரத்தில் கட்டும் மங்கில் கொசு முட்டையிடுமா?

கட்டாயம் இடும். மழைநாளில் வெட்டு இல்லாதபோது மங்கைக் கவிழ்த்து வையுங்கள்.

இன்னொரு பெற்றோர்: முதல் வகைக்கு நிரந்தரத் தீர்வு வருமா?

டி செல்லைத் தணிக்கும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோய் தொடங்கிவிட்டது, ஆனால் இன்சுலின் இன்னும் தேவைப்படவில்லை என்ற கட்டத்தில் கொடுக்க வேண்டும். சோதனையில் நோயை இரண்டு வருடம் போலத் தள்ளிப்போட்டது. ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் ஊசி இல்லாமல் என்றால் அது சின்ன விஷயமா? முழுத் தீர்வு இன்னும் இல்லை.

ஐந்தாம் படிவ மாணவி: உங்களைப் போல் ஆக என்ன படிக்க வேண்டும்?

உயிரியல், வேதியியல், அப்புறம் கணிதத்தை விட்டுவிடாதே, கண்ணு. புள்ளியை எண்ணிவிடலாம், எண்ணிக்கைக்கு அர்த்தம் சொல்லத்தான் கணக்கு வேண்டும். அன்றைக்கு மேசையில் நான் வைத்திருந்த நுண்ணோக்கியில் எலியின் கணையச் சீவல் இருந்தது. பீட்டா செல்கள் கூடியிருக்கும் வெளிர்நிறத் தீவு ஒன்று, அதைச் சுற்றி நெருக்கியடித்து ஊதாப் பொட்டுகள். அவைதான் டி செல்கள். நீ பார்த்துவிட்டு, "இந்த ஓரத்தில் மட்டும் ஏன் பொட்டே இல்லை?" என்று கேட்டாய். அந்தச் சீவலை நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன், அந்த ஓரத்தைக் கவனித்ததில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறையில் வா, சேர்ந்து பார்ப்போம்.