சீகேட்டா, வெஸ்டர்ன் டிஜிட்டலா? பழைய கணக்கை வைத்து ஒப்பிடாதீர்கள்

சேமிப்பு டிரைவ் தயாரிக்கும் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் இரண்டின் ஐந்து வருட லாபத்தையும் அருகருகே வைத்து எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒப்பீடே சரியில்லைங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2025 பிப்ரவரியில் சான்டிஸ்க்கைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது, அதனால் பழைய அறிக்கைகளில் சான்டிஸ்க்கின் ஃபிளாஷ் தொழிலும் (எஸ்எஸ்டி, மெமரி கார்டுகளில் இருக்கும் நினைவகச் சில்லுகள்) கலந்திருக்கும், இப்போது நீங்கள் வாங்கப்போவது அடிப்படையில் ஹார்ட் டிஸ்க் தொழிலைத்தான்.

ஹார்ட் டிஸ்க்கில் தோஷிபாவையும் சேர்த்து உலகத்திலேயே மூன்று பேர்தான். ஃபிளாஷில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், கியாக்சியா என்று போட்டி அதிகம். சரக்கு தேங்கினால் விலை எப்படிச் சரியும் என்பதற்கு அவர்களுடைய 2023 அறிக்கைகளைப் படியுங்கள். அப்புறம், சான்டிஸ்க் பக்கம் போனால், லாபம் உச்சத்தில் இருக்கும்போது பி.இ. விகிதம் (பங்கு விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) குறைவாகத் தெரியும், அதை மலிவு என்று நம்பிவிடாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லேசரால் தட்டைச் சூடாக்கி எழுதும் ஹாமர் தொழில்நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் சீகேட் முந்திக்கொண்டது, 30 டெராபைட் டிரைவ்களையே விற்கிறது. என் சாய்வு அந்தப் பக்கம்தான், ஆனால் அதன் கடனைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டிலும் பாதிப் பாதி போடுவது பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம்: இரண்டுக்குமே பெரிய வாடிக்கையாளர்கள் அதே சில கிளவுட் நிறுவனங்கள், அவர்கள் கொள்முதலைத் தள்ளிப்போட்டால் இரண்டு பங்கும் சேர்ந்தே இறங்கும்.