மே 7, 8, 9: எந்தத் தேதியை எழுதுவது?
மகளின் பள்ளிக் கட்டுரைக்காகத் தேடியதில், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி சரணடைந்த நாளுக்கு மூன்று புத்தகங்களில் மூன்று தேதிகள் இருப்பதாகக் குழம்பியிருக்கிறீர்கள். மூன்றுமே சரிதான்.

பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில், ஒரு பள்ளிக் கட்டடத்தில் (ஆம், பள்ளிதான்!) 1945 மே 7 அதிகாலை 2.41 மணிக்கு ஜெர்மன் தளபதி யோடல் சரணடைவு ஆவணத்தில் கையெழுத்திட்டார். சண்டை நிற்க வேண்டிய நேரம் மே 8 இரவு 11.01. சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கு இது போதவில்லை. பெர்லினிலேயே கையெழுத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எனவே அந்நகரின் கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் பகுதியில் ஜெர்மன் தளபதி கைட்டல் மறுபடியும் கையெழுத்திட்டார். அதற்குள் மாஸ்கோவில் மே 9 பிறந்துவிட்டது. ரஷ்யாவின் வெற்றி நாள் இன்றும் அதுதான்.

மே 8 என்று எழுதி, மற்ற இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடச் சொல்லுங்கள். ஆனால் அன்றே உலகப்போர் முடிந்ததாக எழுத விடாதீர்கள். ஜப்பான் கையெழுத்திட்டது செப்டம்பர் 2 அன்றுதான்.