நான் வளர்ந்த ஊர் என் மனதை எப்படி மாற்றுகிறது?

பண்பாடு என்றதும் பொங்கலும் பட்டுப்புடவையும்தான் நினைவுக்கு வரும். இங்கே அதற்குப் பொருள், ஒரு கூட்டம் பேசி வைக்காமலே பழகிக்கொண்ட வழக்கங்கள்: எதைக் கவனிப்பது, எதற்குக் கூச்சப்படுவது, எப்போது விட்டுக்கொடுப்பது.

மும்பை லோக்கல் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் உட்காரும் இருக்கை அருகே நான்காவது ஆள் வந்து நின்றாலே மற்றவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்த புதிதில் எனக்கு அது அத்துமீறலாகவே பட்டது. இரண்டே வருடம்! யாரும் கேட்காமலே நானும் நகர ஆரம்பித்துவிட்டேன். (அந்த நான்காவது ஆளுக்குப் பாதி உடம்பு இருக்கைக்கு வெளியே தொங்கும் என்பது வேறு கதை.)

காரணம் எளிது. அடிக்கடி பார்ப்பதையும் செய்வதையும் மூளை பழக்கமாக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை.

பார்வைகூட இப்படிப் பழகும். 2001-ல் வெளியான ஆய்வில் மசுதா, நிஸ்பெட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்கு மீன்கள் நீந்தும் அசைபடத்தைக் காட்டி, பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் பெரிய மீனிலிருந்து தொடங்கினார்கள். ஜப்பானியர்களோ தண்ணீர், செடி என்று பின்னணியை அதிகம் சொன்னார்கள். கண் ஒன்றுதான், கவனம் போகும் இடம் வேறு.

அதற்காக "ஜப்பானியர் எல்லாரும் இப்படித்தான்" என்று முடிவுகட்ட வேண்டாம். இவை கூட்டத்தின் சராசரிகள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் ஜாதகம் அல்ல.