பாப்பா அந்தப் பையனைப் பார்த்தாள், நீங்கள் அந்தத் தாயைப் பாருங்கள்

அன்புள்ள அம்மணிக்கு,

திருப்பூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை முழுதும் படித்தேன். பாப்பா அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நீட்டில் 310 எடுத்திருக்கிறாள். தோழியின் போனில் ஒரு படம் பார்த்ததிலிருந்து "மூளை ஆபரேஷன் பண்ற டாக்டராத்தான் ஆவேன், நர்ஸிங் வேண்டாம், இன்னொரு வருஷம் படிக்கிறேன்" என்று நிற்கிறாள். நீங்கள் செக்கிங் டேபிளில் நின்று வாங்கும் சனிக்கிழமைச் சம்பளத்தில் இதெல்லாம் ஆகுமா, விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "நான் எட்டாவதோட நின்னவளுங்க, அவளுக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்க."

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் விடலாம். ஆனால் படத்தை நம்பி விடக்கூடாது, கணக்குப் பார்த்து விடவேண்டும்.

பாப்பா பார்த்தது 2009இல் வந்த 'கிஃப்டட் ஹேண்ட்ஸ்'. பென் கார்சன் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவரின் உண்மைக் கதை. டெட்ராய்ட் நகரத்து ஏழைப் பையன். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். ஐந்தாம் வகுப்பில் கடைசி மாணவன், எல்லோரும் மக்கு என்றார்கள். அந்தப் பையன் 33 வயதில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் மூளை அறுவைப் பிரிவுக்கே தலைவரானார். உங்கள் வீட்டு நிலையை வைத்துப் பார்த்தால், பாப்பாவுக்கு அந்தப் படம் ஏன் அப்படிப் பிடித்தது என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. அவள் ஏழாவது படிக்கும்போது அவள் அப்பா கடனை வைத்துவிட்டுப் போனதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பாப்பா அந்தப் படத்தில் பையனைப் பார்த்தாள். நீங்கள் ஒருமுறை அவனுடைய அம்மாவைப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. சோன்யா கார்சன் மூன்றாவது வகுப்போடு நின்றவர், 13 வயதில் கல்யாணம். பல வீடுகளில் வேலை செய்து இரண்டு பையன்களை வளர்த்தார். மார்க் குறைந்ததும் அவர் செய்தது மிக எளிமையான காரியம்: டிவியை வாரத்துக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சிகளோடு நிறுத்தினார். நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் எடுத்துப் படித்து, படித்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதியதை வாங்கிப் பார்த்து டிக் போட்டுக் கொடுப்பார். அவருக்குச் சரியாகப் படிக்கவே வராது என்பது பையன்களுக்கு ரொம்ப நாள் தெரியாது.

எட்டாவது படித்த நீங்கள் அதைவிட அதிகமாகவே செய்யமுடியும். பாடம் புரியவேண்டிய அவசியமில்லை. இன்று எத்தனை கேள்வி போட்டாய், எத்தனை தப்பு, அந்தத் தப்பை மறுபடி எழுதிப் பார்த்தாயா என்று தினமும் ராத்திரி நோட்டை வாங்கிப் பாருங்கள். போதும். கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பிள்ளைகளை உட்காரவைக்கும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. அந்தப் பையனின் மார்க் முதலில் ஏறியதற்கு ஒரு காரணம் கண்ணாடி. பள்ளியில் கண் பரிசோதனை செய்தபோதுதான் பலகையில் எழுதுவது அவனுக்குத் தெரியவில்லை என்பதே தெரிந்தது. பாப்பாவுக்கும் முதலில் அதைச் செய்யுங்கள். கண்ணைப் பரிசோதித்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் பார்த்துவிடுங்கள். ரத்தம் குறைவாக இருக்கும் பிள்ளைக்கு மத்தியானமானால் தூக்கம் தள்ளும். அதைச் சோம்பல் என்று திட்டிக்கொண்டிருப்போம்.

சரி, இனி கணக்கு. அவளுடைய மதிப்பெண்ணைப் பிரித்து அனுப்பியது நல்லது. உயிரியலில் 360க்கு 190, வேதியியலில் 180க்கு 70, இயற்பியலில் 180க்கு 50. இயற்பியலில் 45 கேள்விக்கும் விடை எழுதி 19 சரி, 26 தப்பு. சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 குறையும். தெரியாததைத் தொடாமல் விட்டிருந்தாலே இயற்பியலில் 76 வந்திருக்கும். இந்தப் பிள்ளைக்கு மூளை இல்லை என்று இந்த மார்க் சொல்லவில்லை. இயற்பியலில் கணக்குப் போடும் பழக்கம் இல்லை, தேர்வறையில் பதற்றம் இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டும் ஒரு வருஷத்தில் சரியாகக்கூடியவை. உயிரியலில் 190 என்பதுதான் எனக்கு அதிகக் கவலை. டாக்டராகவேண்டும் என்கிற பிள்ளைக்கு அங்கேதான் மார்க் குவியவேண்டும். மத்திய பாடத்திட்டமான என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டு உயிரியல் புத்தகங்களை வரிக்கு வரி படித்தாளா என்று கேளுங்கள். நம் மாநிலப் பாடப்புத்தகம் மட்டும் படித்திருந்தால் காரணம் அதுதான்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததால் அவளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் வந்த இந்தச் சட்டம் நம்மைப்போன்ற குடும்பங்களுக்குப் பெரிய கதவு. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். மறுபடி எழுதுபவர்களுக்கும் அது செல்லும். அதனால் "டாக்டருக்குப் படிக்கவைக்க கோடி வேணும்" என்று பக்கத்து வீட்டில் சொல்வதை விட்டுவிடுங்கள், அது உங்கள் கணக்கு இல்லை. ஆனால் எத்தனை மார்க் வாங்கினால் சீட் என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அதையும் நம்பவேண்டாம். 2024இல் பலர் 720க்கு 720 வாங்கினார்கள், 2025இல் அகில இந்திய முதலிடமே 686தான். ஒரே மார்க்குக்கு ஒரு வருஷம் ஒரு இடம், அடுத்த வருஷம் வேறு இடம். மாநில மருத்துவச் சேர்க்கைத் தேர்வுக்குழு வெளியிடும் 7.5 ஒதுக்கீட்டுத் தரவரிசைப் பட்டியலில் பாப்பா எத்தனையாவது, கடைசிச் சீட்டு எத்தனையாவது ஆளுக்குப் போனது என்று பாருங்கள். அந்த இடைவெளிதான் அவள் தாண்டவேண்டிய தூரம்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதியோடு ரிப்பீட்டர் பேட்ச் நடத்துகிறார்கள், அதில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டணம் விடுதியோடு லட்சத்தைத் தாண்டும். மகளிர் குழுவிலும் வட்டிக்கும் கடன் வாங்கி அங்கே சேர்ப்பதை நான் ஒப்பமாட்டேன். அந்தக் கடன் ஒவ்வொரு வாரத் தேர்விலும் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இதிலும் கார்சன் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. மிச்சிகன் மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் அவர் தடுமாறியபோது, படிப்பை விட்டுவிடலாமே என்று ஆலோசகரே சொல்லியிருக்கிறார். அப்புறம்தான், வகுப்பில் கேட்பதால் தனக்குப் பாடம் ஏறுவதில்லை, தானே படித்தால்தான் ஏறுகிறது என்று கண்டுபிடித்து முறையை மாற்றினார். காலை 5 மணி முதல் ராத்திரி 11 வரை வகுப்பில் உட்காரவைக்கும் இடம் சில பிள்ளைகளுக்கு நல்லது, சிலருக்கு வீண். பாப்பா எப்படிப்பட்டவள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பிளஸ் டூவில் அவள் நன்றாக எழுதிய பாடத்தை எப்படிப் படித்தாள் என்று கேளுங்கள். தனியாகப் படித்தவள் என்றால், உள்ளூரில் பகல் வகுப்பாக நடக்கும் இயற்பியல் டியூஷன் ஒன்று, பழைய வினாத்தாள்கள், வாரம் ஒரு முழுத்தேர்வு என்று வீட்டிலிருந்தே தயாராகலாம்.

ஒரு எல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி முடிவதற்குள் முழு மாதிரித் தேர்வுகளில் 450ஐத் தொடவில்லை என்றால் அடுத்த வருஷ நர்ஸிங் விண்ணப்பத்தை முழு மனசோடு போடவேண்டும். இதை இப்போதே மூன்று பேரும் பேசி முடிவு செய்யுங்கள்; உங்கள் அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வீட்டில் அவர் சொல் எடுபடும் என்று எழுதியிருந்தீர்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்ஸிங்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் சேர்க்கிறார்கள், ஒரு வருஷம் கழித்தும் விண்ணப்பிக்கலாம். சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் வரும்.

நர்ஸிங் என்றதும் பாப்பா முகம் சுளிக்கிறாள் என்கிறீர்கள். அவளிடம் இதைச் சொல்லுங்கள். 1987 செப்டம்பரில் தலை ஒட்டிப் பிறந்த ஜெர்மனி நாட்டு ஏழு மாத இரட்டையர்களைக் கார்சன் பிரித்த அறுவை 22 மணி நேரம் நடந்தது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் 70 பேர். அறுவை மருத்துவர்கள், மயக்க மருத்துவர்கள், நர்ஸுகள், கருவி பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்த கணக்கு அது. படம் ஒரு முகத்தைத்தான் அருகில் காட்டும். நர்ஸிங் தோற்றவர்களுக்கு ஒதுக்கிய இடம் என்று நினைத்துப் போனால் அங்கேயும் அவளால் நிற்கமுடியாது. அந்த நினைப்போடு அவளை எந்தப் படிப்பிலும் சேர்க்காதீர்கள்.

வருஷக் கணக்கும் அவளுக்குத் தெரியவேண்டும். எம்பிபிஎஸ் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். அதன்பின் பொது அறுவையில் எம்எஸ் மூன்று, நரம்பியல் அறுவைக்கு எம்சிஎச் என்ற மேற்படிப்பு மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நுழைவுத்தேர்வு. எதுவும் தவறாமல் போனாலும் முப்பதைத் தாண்டிவிடும். படத்தில் இது சில நிமிஷம். அவளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 18 வயதில் எந்தப் பிரிவு என்று முடிவுசெய்ய வேண்டியதே இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். அதன் நிறுவனர் டாக்டர் வெங்கடசாமி சிறுவயதில், பிரசவ சமயத்தில் சொந்தக்காரப் பெண்கள் அடுத்தடுத்து இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அதன்பிறகு கண் மருத்துவம் படித்தார், அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகினார், லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தார். பணி ஓய்வுக்குப் பின் 1976இல், 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார்.

இனி, கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். "அப்பா முன்னாடி டாக்டரா போய் நிக்கணும்னு சொல்றா." அம்மணி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது இந்த வரிதான். அந்தக் கோபம் நியாயமானது. இரண்டு மூன்று மாதம் விடியற்காலையில் அவளை எழுப்பியும் விடும். ஆனால் அந்த மனுஷர் திரும்பியே பார்க்கவில்லை என்றால்? அவருக்குத் தெரியவே வராவிட்டால்? அதன்பிறகும் அவளுக்கு இந்த வேலை பிடிக்குமா என்பதை அவள் தெரிந்துகொள்ளவேண்டும். அதற்கு வழி இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலரிடம் கேட்டு, சில நாள் காலையில் புறநோயாளிகள் வரும் நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். சளி, காய்ச்சல், சர்க்கரை, ஆறாத புண், சொன்னதையே திரும்பச் சொல்லும் வயசானவர்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தும் ஆசை இருந்தால் அது அவளுடைய ஆசை.

வலிக்குத் தனியாக மருந்து பார்க்கவேண்டும், பட்டம் அதை ஆற்றாது. கார்சனே 14 வயதில் கோபம் முற்றி நண்பனைக் கத்தியால் குத்தப் போயிருக்கிறார், கத்தி பெல்ட் பக்கிளில் பட்டதால் அந்தப் பையன் தப்பினான். அவருடைய அம்மாவோ மனச்சோர்வு முற்றும்போது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு மனநல மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்துவந்தார். நீங்கள் ராத்திரியில் தூக்கம் வருவதில்லை, கம்பெனியில் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாப்பாவைப் பற்றி நாலு பக்கம், உங்களைப் பற்றி அந்த ஒரு வாக்கியம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஒரு நாள் லீவு போட்டு இருவரும் போய் வாருங்கள். போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யுங்கள், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். தேர்வு முடிவு வரும் நாட்களில் பாப்பாவைத் தனியாக விடாதீர்கள். "செத்துடலாம் போல இருக்கு" என்று அவள் விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

கல்யாணப் பேச்சு எடுக்கும் உங்கள் அண்ணனிடம் அடுத்த வருஷ நீட் முடிவு வரும்வரை அதைப் பற்றிப் பேசவேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

சான்றிதழ் வேலையை இந்த மாதமே ஆரம்பியுங்கள். 6 முதல் 12 வரை படித்த அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர் கையெழுத்தோடு படிப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது, கணவரால் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். தகப்பன் கையெழுத்து எங்கே என்று கேட்கும் இடங்களில் அது உதவும். பெயரின் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் நகலையும் நீட் விடைத்தாள் நகலையும் பாப்பாவிடம் கொடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்புங்கள். முதல் ஒரு மணி நேரம் அவள் மட்டும் பேசட்டும், அப்புறம் நீங்கள் வாருங்கள்.