கைக்குழந்தைக் காலம் நினைவில்லை; சிகிச்சை பலிக்குமா?

கேள்வி: அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பீடித் தட்டை விட்டு நிமிரவே மாட்டாளாம், ஆச்சி சொல்வாள். இப்போது எனக்கு 34 வயது. கணவர் போனை எடுக்கத் தாமதித்தாலே நெஞ்சு படபடக்கிறது. முதல் வருடம்தான் காரணம், அந்த நினைவை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் முகாமுக்குப் பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? (முக்கூடல் வாசகி)

பதில்: கட்டாதீர்கள். முதல் வருடத்தில் நடந்தது யாருக்கும் காட்சியாக நினைவில் நிற்காது. கண்ணை மூடவைத்துக் கருவறை வரைக்கும் கூட்டிப்போகிறவர்கள் நெல்லைப் பக்கம் பெருத்துவிட்டார்கள். அங்கே வருவது அவர்கள் எடுத்துக்கொடுக்கிற கதை. அழுதால் பலித்தது என்பார்கள், அடுத்த கட்டத்துக்கு இன்னொரு தொகை.

இவர்கள் காட்டிப் பயமுறுத்துவது எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த சோதனையை. சிரித்து விளையாடும் தாய் திடீரென்று ஓரிரு நிமிடம் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்வாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கீச்சிடும். பிறகு முகத்தைத் திருப்பித் துவண்டுவிடும். தாய் மறுபடி சிரித்ததும் கொஞ்சம் முறைத்துவிட்டுத் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இந்தப் பாதியைச் சொல்லமாட்டார்கள். நல்ல தாயும் குழந்தையும்கூட விளையாட்டில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒத்துப்போகிறார்கள். மற்ற நேரம் பிசகிப் பிசகிச் சேர்கிறார்கள் என்று கண்டதும் அதே டிரானிக்தான். உங்கள் அம்மா நிமிராவிட்டாலும் வாய் பேசியிருக்கும், கால் தொட்டிலை ஆட்டியிருக்கும். ஆச்சியும் இருந்திருக்கிறாள்.

ஒன்றே ஒன்று. பிரசவத்துக்குப் பின் மாதக்கணக்கில் அம்மா சாப்பிடாமல், தூங்காமல், பிள்ளை அழுதாலும் தூக்காமல் கிடந்தாளா என்று ஆச்சியிடம் கேளுங்கள். வேலை அலுப்பைச் சொல்லவில்லை, மனச்சோர்வைச் சொல்கிறேன். அப்படியென்றால் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். அப்போதும் வேறு யார் தூக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவே தலையெழுத்து ஆகிவிடாது.

உளப்பகுப்பாய்வு வழி சிகிச்சைக்கு, அதாவது பேசிப் பேசியே மனசின் பழைய பழக்கங்களைக் கண்டுபிடிக்கிற சிகிச்சைக்கு, அந்தக் காலத்து நினைவு தேவையில்லை. அம்மாவின் விரல் பார்க்காமலேயே பீடி இலையை மடக்குவதுபோல, உறவில் பழகிய விதம் உடம்பில் இருக்கிறது. பேச்சின் நடுவே சிகிச்சையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். உங்கள் குரல் இறங்கிவிடும். நல்லவர் அதைக் கவனித்து, ‘இப்போது என்ன ஆயிற்று?’ என்று கேட்பார். போனுக்காகப் படபடக்கும் அதே மனசு அங்கே பிடிபடும். பிசகுவதும் சரிசெய்வதும்தான் வேலை. மாதக்கணக்கில் ஆகும்.

அரசு மருத்துவமனையில் ஐந்து நிமிடம், ஒரு மாத்திரைச் சீட்டு. தாலுகா அளவில் பேசிக் கேட்கிற உளவியலாளர் குதிரைக்கொம்பு. முகாம்காரர்கள் பிழைக்காமல் என்ன செய்வார்கள்?

முதலில் தைராய்டு பார்த்துவிடுங்கள், படபடப்பு அதனாலும் வரலாம். அப்புறம் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். மருத்துவ உளவியலாளர் என்று சொல்கிறவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டி மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.