ஆஸ்பத்திரி பில், காப்பீட்டு அட்டை, வரி: கேட்டதும் சொன்னதும்

ஒரு தனியார் மருத்துவமனையில் காப்பீட்டு மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன், இப்போது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கிறேன். அந்த இரண்டைப் பற்றிக் கேளுங்கள். நோய்க்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்காதீர்கள், அது டாக்டர் வேலை. கேள்வி வரும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: யாரையாவது அட்மிட் செய்தால், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் காப்பீட்டு கவுண்டருக்குப் போங்கள்.

திருப்பூரிலிருந்து: பனியன் கம்பெனியில் வேலை, சம்பளம் 16,000. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் போனால் வருமானம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, மாதாமாதம் மருந்துக் கடைக்கே அழுகிறேன். எங்களை மாதிரி ஆட்களுக்கு அரசாங்கம் என்னதான் செய்கிறது அக்கா?

அவர்கள் சொன்னது சரிதான் தம்பி. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஏழை என்றும் எழுத முடியாது, வசதி என்றும் சொல்ல முடியாது, இந்த இடைப்பட்ட கூட்டம்தான் தமிழ்நாட்டில் அதிகம். ஆனால் அட்டை கிடைத்திருந்தாலும் அம்மாவின் மாத்திரைக்கு அது உதவாது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் என்பது அறுவை சிகிச்சை, உள்நோயாளிச் சிகிச்சை மாதிரி பெரிய செலவுகளுக்கு. நம் பணம் கரைவது ஆபரேஷன் தியேட்டரில் மட்டும் இல்லை, பாதிக்கு மேல் மருந்துக் கடையில்தான் என்பது நான் அந்த மேசையில் பார்த்துத் தெரிந்துகொண்டது.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 120 ரூபாய் பிடித்திருக்கிறார்களா? 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், அது கட்டாயம். நீங்கள் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். இதில் வெளிநோயாளிச் சிகிச்சை உண்டு, மாத்திரை உண்டு, உங்களைச் சார்ந்திருக்கும் அம்மாவையும் சேர்க்கலாம். பிடிக்கவே இல்லை என்றால் கம்பெனியில் கேளுங்கள், அது சலுகை இல்லை, சட்டம். பிடித்திருந்தும் நீங்கள் மருந்துக் கடையில் காசு கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வது!

அதற்கிடையில் அம்மாவைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை அட்டையின் முதுகில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’ என்ற பொருளில் அச்சிட்டிருக்கும். 1994இல் ஆரம்பித்த மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிற மருந்து அது. இலவசம் என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து: அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டோம். முதலமைச்சர் அட்டை இருக்கிறது. இப்போது பில்லைக் கொடுத்தால் பணம் வருமா?

வராது. முன் அனுமதி வாங்கி, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பணம் கட்டாமல் செய்யும் சிகிச்சை அது. கட்டிவிட்டுப் பில்லை நீட்டும் ஏற்பாடே இல்லை.

பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி எடுத்துவிட்டார்கள் என்றார்கள். ஆபீஸ் பாலிசியில் ஒரு பைசாகூடக் குறையவில்லையே?

2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் போனது தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு. கம்பெனி எடுக்கும் குழு பாலிசிக்கு வரி அப்படியே இருக்கிறது. தனி பாலிசியிலும் 18 முழுதாகக் கையில் நிற்கும் என்று கணக்குப் போடாதீர்கள். வரி விலக்கு வந்ததும் காப்பீட்டுக் கம்பெனி தன் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவும் போய்விட்டது, அதை அடிப்படை பிரீமியத்தில் ஏற்றப் பார்ப்பார்கள். புதுப்பிக்கும்போது போன வருட ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

எந்தக் கம்பெனி பாலிசி நல்லது?

நான் ஏஜென்ட் இல்லை. அறை வாடகை வரம்பு என்ற வரியை மட்டும் தேடிப் படியுங்கள். நாளுக்கு 3,000 என்று போட்டிருக்கும், நீங்கள் 6,000 ரூபாய் அறையில் படுத்தால் வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். கவுண்டரில் அழுதவர்களில் பலர் இந்த வரியைப் படிக்காதவர்கள்.

பெற்றோருக்குப் பாலிசி கிடைக்கவில்லை, வயது 70க்கு மேல். வரியில் ஏதாவது கழிக்கலாமா?

பழைய வரி முறையில் இருந்தால் முடியும். பாலிசி இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவு வருடம் 50,000 வரை வரிக்கான வருமானத்திலிருந்து கழிக்கலாம், ஆனால் ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. யூபிஐ, கார்டு, பில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். புதிய முறையில் இது கிடையாது.

கரூரிலிருந்து: டிஸ்சார்ஜ் ஆன பிறகு முதலமைச்சர் காப்பீட்டில்...

மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான். வராது.

சோழிங்கநல்லூரிலிருந்து: ஐடியில் இருக்கிறேன். மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள், மேலே 4 சதவீதம் சுகாதாரம், கல்விக்கென்று செஸ். ஆஸ்பத்திரிக்குப் போனால் என் கைக்காசு. யாரோ இலவசமாக ஆபரேஷன் செய்துகொள்ள நான் ஏன் கட்ட வேண்டும்?

வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். முதலில் ஒன்று, வரி நீங்கள் மட்டும் கட்டவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மா சோப்புக்கு ஜிஎஸ்டி கட்டுகிறார், அவர் மகன் பெட்ரோலுக்கு வாட் கட்டுகிறான், வீட்டுக்காரர் டாஸ்மாக்கில் கட்டுவதைச் சொல்லவே வேண்டாம். இரண்டாவது, செஸ்ஸில் உங்கள் கோபம் நியாயம். உங்களுக்கு ஒரு லட்சம் வரி வந்தால் மேலே 4,000. மத்திய அரசு அதை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் வாசலில் நின்று திட்டும் ஆஸ்பத்திரியை நடத்துவது மாநிலம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது. 2021-22 கணக்கில் 1.84தான். சண்டை போடுவதென்றால் அங்கே போடுங்கள், அட்டை வைத்திருக்கும் கூலித் தொழிலாளியோடு அல்ல.

அதே ஐடி நண்பர்: பேச்செல்லாம் சரி அக்கா. எனக்கு என்ன கிடைத்தது?

உளுந்தூர்பேட்டை பக்கம் உங்கள் கார் லாரியில் மோதினால் 108 வரும், 2008 முதல் வருகிறது. 2021இல் வந்த நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உங்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். அப்புறம் இதயக் குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட். லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்டை 2017 பிப்ரவரியில் 29,600க்கு இறக்கியது அரசாங்க உத்தரவு, சந்தை இல்லை. அட்டை இல்லாத உங்களுக்கும் அரசு வைக்கும் உச்சவிலைதான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு செவிலியர்: ஐடி அண்ணன் ஒரு நாள் எங்கள் வார்டுக்கு வரட்டும். ஆள் போதவில்லை, எங்களில் பலர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான். காப்பீட்டுக் கம்பெனிக்குக் கட்டும் பிரீமியத்தை நேராக அரசு ஆஸ்பத்திரிக்கே கொடுத்தால் என்ன?

பெரும்பாலும் உங்கள் கட்சிதான் நான். 2009இல் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது தனியார் மருத்துவமனைக் கதவு ஏழைக்குத் திறந்தது உண்மை, அதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஒரு அறுவை சிகிச்சைக்குக் கொடுக்கும் பணம் அந்த அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுகிறது, வார்டுக்கு ஒரு செவிலியர் கூடினால் எல்லா நோயாளிக்கும் பயன். ஒரு திருத்தம் மட்டும்: அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தாலும் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வருகிறது, கருவி வாங்க உதவுகிறது. அதனால் அங்கே அட்டை கேட்டால், இலவச ஆஸ்பத்திரியில் அட்டை எதற்கு என்று மல்லுக்கு நிற்காமல் கொடுங்கள்.

ஐடி நண்பர்: அப்படியென்றால் நானும் அரசு ஆஸ்பத்திரிக்கே போகட்டுமா? கழிப்பறையைப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். உங்களை மாதிரி புகார் எழுதத் தெரிந்தவர்கள் அங்கே போவதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிறது, கழிப்பறை அப்படி இருப்பதற்கு அதுவும் காரணம். இதோடு இந்தச் சண்டையை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாகர்கோவிலிலிருந்து: பணம் கட்டிவிட்டோம், இனிமேல் அட்டையைக் காட்டினால்...

ஈரோடு, கரூர், இப்போது நாகர்கோவில். வராது, வராது, வராது.

விழுப்புரத்திலிருந்து: குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. எந்தத் திட்டத்தில் சேர்த்தால் செலவு குறையும்?

குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சீட்டுக்குக் காசு கிடையாது. திட்டத்தை அப்புறம் பேசலாம்.